தோற்ற பிறகுதான் கட்டுப்பாடு வேண்டும்

"கேட்டோம், கிடைக்கல. இனி என்னாங்க இருக்கு?" கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் வீட்டுப் பிரச்சினையோ சம்பளப் பிரச்சினையோ கைகூடாமல் போனால் நம்மவர் பேசும் பேச்சு இது. பேச்சோடு நின்றால் பரவாயில்லை. சாயங்காலமே சிலரின் கால் மதுக்கடைப் பக்கம் திரும்பிவிடுகிறது.

நமக்கு முன்னே தோற்றவர்களைச் சற்று நினைப்போம். 1941-இல் இதே சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியட்டும் என்றார்கள். அத்தோடு, கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள்! துரையிடம் நியாயம் கேட்ட அதே வாய், தன் வீட்டுக் குறையையும் ஒப்புக்கொண்டது.

முடிவு என்ன? மே மாதம் தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். போராட்டம் முறிந்தது.

எண்ணம் முறியவில்லை. போருக்குப் பின், 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தோற்ற 13-ஆம் ஆண்டில்!

ஆகவே அன்பர்களே, தோற்ற அன்று அழுதால் தப்பில்லை. மறுநாள் பெரட்டுக்கு நேரத்தோடு போங்க. சங்கச் சந்தாவை நிறுத்தாதீங்க. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காசில் கை வைக்காதீங்க. மனுவை மறுபடி எழுதுங்க. நிதானத்தோடு நிற்பவனால்தான் இரண்டாம் முறை கேட்க முடியும்.