பழைய டிஎஸ்எல்ஆரா, புது மிரர்லெஸ்ஸா? விலைச்சீட்டு சொல்லாத ₹875 கணக்கு

வேலைக்குச் சேர்ந்து, வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கையில் கொஞ்சம் காசு நிற்க ஆரம்பிச்சதும் வர்ற ஆசைகளில் கேமராவுக்கு ஒரு தனி இடம் உண்டு. அந்த ஆசை வந்ததும் கூடவே வர்ற கேள்வி இது: "செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் ₹20,000 சொச்சத்துக்குக் கிடைக்குது. புது மிரர்லெஸ் ₹70,000-ஐத் தாண்டுது. எதை வாங்கறது?"

கேமரா சேனல்கள்ல கேட்டா மிரர்லெஸ்தான்னு சொல்வாங்க. வீட்டில் கேட்டா "ஃபோன்லதான் கேமரா இருக்கே"ன்னு சொல்வாங்க. ரெண்டு பேர் சொல்றதிலும் பாதி உண்மை இருக்கு. நாம இங்கே பர்ஸ் பக்கம் நின்னு பார்ப்போம்.

ஒப்பிட ரெண்டு மாடலை எடுத்துக்குவோம். ஒண்ணு, 2018-ல் வந்த கேனான் 1500டி. நம்ம ஊர்ல "முதல் டிஎஸ்எல்ஆர்"னு நிறைய பேர் வாங்கினது. இன்னொண்ணு, 2023-ல் வந்த கேனான் ஆர்50. அதே ஆரம்பநிலை ஆளுக்காக வந்த மிரர்லெஸ். நிக்கான், சோனி வாங்க நினைக்கிறவங்களுக்கும் கணக்கு போடும் முறை இதேதான்.

அஞ்சு வருஷத்தில் என்ன மாறியிருக்கு?

முதல்ல மாறாதது. 1500டி-யில் 24.1 மெகாபிக்சல், ஆர்50-ல் 24.2. சென்சார் அளவும் ஒரே வகை, ஏபிஎஸ்-சி. பகல் வெளிச்சத்தில், அசையாம நிக்கிற ஒருத்தரை, ஒரே மாதிரி லென்ஸ் போட்டு எடுத்தா, இன்ஸ்டாகிராமில் பார்க்கிறவருக்கு எது எந்த கேமரான்னு தெரியாது.

மாறினது ஆட்டோஃபோகஸ். 1500டி-யின் வியூஃபைண்டரில் மொத்தம் 9 ஃபோகஸ் புள்ளிகள், அதுவும் நடுப்பகுதியில் மட்டும். ஆர்50 ஆளோட கண்ணையே கண்டுபிடிச்சு, அவர் ஃபிரேமுக்குள் எங்க நகர்ந்தாலும் பின்னாடியே போகும். ஓடுற குழந்தை, ஆடுற தங்கச்சி, நாய்க்குட்டி, பைக் எடுக்கிறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம். தொடர்ந்து எடுக்கிற வேகமும் அப்படித்தான். 1500டி நொடிக்கு 3 படம், ஆர்50 12 படம்.

அடுத்தது வீடியோ. இங்கே போட்டியே கிடையாது. 1500டி-யில் ஃபுல் எச்டி மட்டும்தான். ஸ்கிரீன் திரும்பாது, அதனால உங்களை நீங்களே பார்த்துக்க முடியாது. வெளி மைக் சொருக இடமே இல்லை. வீடியோ எடுக்கும்போது ஃபோகஸ் தேடித் தேடித் தடுமாறும். ஆர்50-ல் 4கே, திரும்புற டச் ஸ்கிரீன், மைக் ஜாக் மூணும் உண்டு. யூடியூப், ரீல்ஸ்னு கனவு இருக்கிறவங்க பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கினா, ரெண்டாவது வாரமே திரும்ப ஃபோன்லதான் எடுத்துட்டிருப்பாங்க.

பழசு ஜெயிக்கிற இடமும் இருக்கு. பேட்டரி. 1500டி ஒரு சார்ஜில் சுமார் 500 படம் எடுக்கும்னு கேனானே சொல்லுது. மிரர்லெஸ்ஸில் ஸ்கிரீனும் சென்சாரும் எப்பவும் ஓடிட்டே இருக்கிறதால அவ்வளவு நிக்காது. ஒரு எக்ஸ்ட்ரா பேட்டரி செலவை முதல்லயே சேர்த்துக்குங்க. எடையில் ஆர்50-க்கு லாபம்: பேட்டரி, கார்டோட 375 கிராம். 1500டி 475 கிராம்.

கல்யாண மண்டப சோதனை

பாடி புதுசா பழசாங்கறதை விட, முன்னாடி மாட்டியிருக்கிற லென்ஸ்தான் பல நேரம் படத்தைத் தீர்மானிக்கும். ஆர்50-ஓட வர்ற 18-45 கிட் லென்ஸை ஜூம் பண்ணினா, அதோட துளை எஃப் 6.3 வரைதான் திறக்கும். பழைய 1500டி-யில் ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் மாட்டினா, உள்ளே வர்ற வெளிச்சம் சுமார் 12 மடங்கு. மங்கலான மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற பாட்டியை எடுக்கணும்னா, பழைய பாடியும் நல்ல லென்ஸும், புது பாடியும் கிட் லென்ஸும் போட்டி போட்டா பழசுதான் ஜெயிக்கும். அதே மண்டபத்தில் குறுக்கே ஓடுற பேரனை எடுக்கணும்னா புதுசு.

இதில் ஒரு பண விஷயம் ஒளிஞ்சிருக்கு. பாடி விலை வருஷா வருஷம் இறங்கும். லென்ஸ் விலை அவ்வளவு வேகமா இறங்காது. கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்களை, கேனானின் அடாப்டர் ஒண்ணு போட்டு ஆர்50-லயும் ஆட்டோஃபோகஸோட பயன்படுத்தலாம். அதனால இன்னைக்கு பழைய டிஎஸ்எல்ஆருக்கு வாங்கின லென்ஸ், நாளைக்கு நீங்க மாறினாலும் வீணாகாது.

இப்போ நம்ம கணக்கு

₹22,000-க்கு செகண்ட் ஹேண்ட் 1500டி, ₹72,000-க்கு புது ஆர்50, ரெண்டும் கிட் லென்ஸோட. இதெல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். நீங்க வாங்குற நாளில் இருக்கிற விலையை மாத்திப் போட்டுக்குங்க.

வித்தியாசம் ₹50,000-ன்னுதானே தோணுது? அது விலை வித்தியாசம். செலவு வித்தியாசம் வேற. கேமரா சாப்பாடு மாதிரி தீர்ந்து போறதில்லை, திரும்ப விக்கலாம். அதனால ரெண்டு வருஷம் கையில் வெச்சிருக்க எவ்வளவு ஆகுதுன்னு பார்க்கணும்.

பழைய 1500டி:
- ரெண்டு வருஷம் கழிச்சு ₹15,000-க்கு வித்தா, விலை இறக்கம் ₹7,000
- வாரண்டி இல்லாததால ரிப்பேருக்கு ஒதுக்குறது ₹3,000
- ₹22,000-ஐ 7% எஃப்டி-யில் போட்டிருந்தா கிடைச்சிருக்கும் வட்டி ₹3,080
- மொத்தம் ₹13,080

புது ஆர்50:
- ரெண்டு வருஷம் கழிச்சு ₹48,000-க்கு வித்தா, விலை இறக்கம் ₹24,000
- ₹72,000-க்கான எஃப்டி வட்டி ₹10,080
- மொத்தம் ₹34,080

வித்தியாசம் ₹21,000. 24 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் ₹875.

அதாவது "₹50,000 அதிகம் கொடுக்கலாமா?"ங்கறது சரியான கேள்வி இல்லை. "கண்ணைப் பிடிக்கிற ஃபோகஸ், 4கே வீடியோ, மைக், திரும்புற ஸ்கிரீன், இதுக்கெல்லாம் மாசம் ₹875 கொடுக்க எனக்கு இஷ்டமா?" இதுதான் கேள்வி. வாராவாரம் வீடியோ போடறவருக்கு இது மலிவு. கோயில், கடற்கரை, நண்பர்கள்னு ஸ்டில் மட்டும் எடுக்கிறவருக்கு, அந்த ₹21,000-ல் ஒரு நல்ல லென்ஸும் ஒரு டூரும் முடிஞ்சிடும்.

எத்தனை நாள் வெளியே எடுப்பீங்க?

இன்னொரு படி மேலே போவோம். மாசத்துக்கு ரெண்டு நாள் எடுக்கிறீங்கன்னா, ரெண்டு வருஷத்தில் 48 நாள். ஒரு நாளைக்கு 1500டி ₹273, ஆர்50 ₹710. ரெண்டுமே நியாயமான செலவு.

ஆனா முதல் மாச ஆர்வம் வடிஞ்சு, ரெண்டு வருஷத்தில் மொத்தமே 6 நாள்தான் எடுத்தீங்கன்னா? 1500டி ஒரு நாளைக்கு ₹2,180. ஆர்50 ₹5,680! அலமாரியில் தூங்குற கேமராதான் உலகத்திலேயே காஸ்ட்லி கேமரா.

நீங்க எந்த வகைன்னு தெரியலைன்னா, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார இறுதிக்கு ரெண்டையும் வாடகைக்கு எடுத்துப் பாருங்க. பெரிய ஊர்கள்ல கேமரா வாடகைக் கடைகள் இருக்கு, அடையாள அட்டையும் டெபாசிட்டும் கேட்பாங்க. அந்த வாடகை, ஒரு தப்பான முடிவைத் தவிர்க்க நீங்க கட்டுற இன்சூரன்ஸ் பிரீமியம்னு வெச்சுக்குங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ-க்கு காஸ்ட் உண்டு

"மாசம் ₹6,000 தானே, 12 மாசம், வட்டி இல்லை." இதைக் கேட்டதும் ₹72,000 சின்னதாத் தெரியும். உள்ளே நடக்கிறது என்னன்னா, வங்கி வட்டி போடுது, அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரர் முன்கூட்டியே தள்ளுபடி தர்றார். ஆண்டுக்கு 15% வட்டின்னு வெச்சுக்கிட்டா, அந்த ₹72,000-க்குள்ளே சுமார் ₹5,520 வட்டி இருக்கு. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, சுமார் ₹994, உங்க தலையில்தான். பிராசஸிங் கட்டணம் ₹199-ன்னா ஜிஎஸ்டி-யோட ₹235. ஆக மொத்தம் சுமார் ₹1,230.

இந்தத் தொகை பெருசு இல்லை. பெரிய விஷயம் வேற ரெண்டு. ஒண்ணு, உங்க கார்டு லிமிட் ₹1 லட்சம்னா, அதில் ₹72,000 அடைபட்டுடும். லிமிட்டில் பெரும்பகுதியைப் பயன்படுத்திட்டே இருந்தா கிரெடிட் ஸ்கோரும் அடி வாங்கலாம். ரெண்டு, கைக்கு ₹35,000 வர்றவருக்கு ₹6,000 இஎம்ஐ-ன்னா சம்பளத்தில் 17%. நடுவில் வேலை போனாலும், வீட்டில் மருத்துவச் செலவு வந்தாலும், அந்த 17% உங்களுக்காகக் காத்திருக்காது.

அதனால ஒரு எளிய விதி: அவசர நிதியைத் தொடாம, முழுப் பணத்தையும் கொடுத்து எந்த கேமராவை வாங்க முடியுமோ, அதுதான் இன்னைக்கு உங்க கேமரா. மிரர்லெஸ்தான் வேணும்னா, அந்த ₹6,000-ஐ மாசாமாசம் ஒரு ஆர்டி-யில் போடுங்க. ஒரு வருஷம் கழிச்சும் ஆசை அப்படியே இருந்தா, தயங்காம வாங்குங்க.

பழசை வாங்கும்போது பார்க்க வேண்டியவை

- எஃப் 16 வெச்சு வெள்ளைச் சுவரை எடுத்து, ஜூம் பண்ணிப் பாருங்க. கறுப்புப் புள்ளிகள் தெரிஞ்சா சென்சாரில் தூசு. சுத்தம் பண்ணிக்கலாம், ஆனா அதைச் சொல்லி விலையைக் குறைங்க.
- லென்ஸுக்குள் ஃபோன் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி நூல் நூலாத் தெரிஞ்சா ஃபங்கஸ். நம்ம கடலோர ஈரக்காத்துக்கு அது சகஜம். அந்த லென்ஸ் வேண்டாம்.
- ஃபைல் நம்பரைக் காட்டி "2,000 படம்தான் எடுத்திருக்கேன்"னா நம்பாதீங்க. 9999-க்கு அப்புறம் நம்பர் திரும்ப 0001-ல் ஆரம்பிக்கும்.
- ஃபிளாஷ், எல்லா பட்டன்கள், கார்டு மூடி, பேட்டரி மூடி எல்லாம் நேரில் சோதிங்க. முன்பணம் அனுப்பி கூரியரில் வாங்காதீங்க.
- பில்லில் இருக்கிற சீரியல் நம்பரும் கேமராவில் இருக்கிறதும் ஒண்ணான்னு பாருங்க. பில் இல்லைன்னா திருட்டுப் பொருளாவும் இருக்கலாம். விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் விட்டுடுங்க.

வாங்கவே கூடாதது ஒண்ணு

அது புது டிஎஸ்எல்ஆர். 2020-க்கு அப்புறம் கேனானும் நிக்கானும் ஒரு புது டிஎஸ்எல்ஆர் மாடல்கூட அறிவிக்கலை. 1500டி-யில் இருக்கிற பிராசஸர் 2016-ல் வந்த 1300டி-யிலேயே இருந்தது. டப்பா பிரிக்காத 1500டி வாங்கினா, பழைய தொழில்நுட்பத்துக்குப் புது விலை கொடுத்து, முதல் வருஷ விலை இறக்கத்தையும் நீங்களே சுமக்கிறீங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது அந்த இறக்கத்தை முதல் ஓனர் உங்களுக்காகக் கட்டி முடிச்சிருப்பார். அதுதான் அதில் உள்ள லாபமே.

சுருக்கமா

ஸ்டில் எடுக்கக் கத்துக்கணும், பட்ஜெட் கம்மி: செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர், கூடவே ஒரு 50 எம்எம்.

வீடியோ, ரீல்ஸ், ஓடுற ஆடுற ஆட்கள், வாராவாரம் கேமரா வெளியே வரும்: பணம் சேர்த்து மிரர்லெஸ்.

வருஷத்துக்கு மூணு நாலு நாள் மட்டும்: வாடகை.

கல்யாண ஷூட் எடுத்துச் சம்பாதிக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ரெண்டு கேமராவிலும் மெமரி கார்டு இடம் ஒண்ணுதான். கார்டு கெட்டா தாலி கட்டுற நேரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. பிறந்தநாள், சின்ன விசேஷம்னு ஆரம்பிங்க. அந்த வருமானம், நாம போட்ட மாசம் ₹875-ஐத் தாண்டுதான்னு ஒரு நோட்டில் எழுதிட்டே வாங்க. ஆறு மாசம் தொடர்ந்து தாண்டுச்சுன்னா, அடுத்த கேமராவுக்கான பணத்தை அந்த நோட்டே சேர்த்துக் கொடுத்திருக்கும்.