இரவு ஆமைக்கு உரியது

மலேசியாவின் சபா மாநிலத்துக்குத் தென்கிழக்கே, செலிபீஸ் கடலில் இருக்கிறது சிபாடான். அணைந்துபோன எரிமலையின் மேல் பவளம் வளர்ந்து வளர்ந்து, சுமார் 600 மீட்டர் ஆழத்திலிருந்து எழும்பிய குட்டித் தீவு. ஸ்கூபா முக்குளிப்பவர்களிடம் பெரும்பெயர் பெற்ற இந்த இடத்தில் பயணிகள் யாரும் இரவு தங்க முடியாது. அங்கிருந்த விடுதிகளை 2004-ல் அரசு அகற்றியது. இப்போது பகலில் மட்டும், அதுவும் அனுமதிச் சீட்டு பெற்ற சிலருக்கே இடம். இது மிகையான கெடுபிடி அல்ல என்பதற்கு, இந்தத் தீவின் மணலில் முட்டையிடும் பேராமையின் வாழ்க்கையே சாட்சி.

நம் கடலோரத்திலும் காணப்படும் இந்த இனம், கடலில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. சிபாடானின் நீரடிக் குகைக்குள் வழி தப்பி, மூச்சுமுட்டி இறந்த ஆமைகளின் எலும்புகள் இன்றும் கிடக்கின்றன. முட்டைக்குள் இருக்கும் கருவுக்கும் காற்று வேண்டும். அதனால்தான் தாய் கரையேறுகிறது, அதுவும் இரவில். பின்துடுப்பின் நுனியைக் கிண்ணம்போல் சுருட்டி ஒரு கை மணலை அள்ளி வெளியே வைக்கும். பிறகு மறு துடுப்பு. இப்படியே குடம் போன்ற குழி தோண்டி, நூறு முட்டைகள் அளவில் இட்டு மூடிவிட்டுப் போகும். ஏறக்குறைய 2 மாதம் கழித்து வெளியே வரும் குஞ்சுகளுக்கு வெளிச்சம்தான் திசை. கரையிலுள்ள மரக்கூட்டம் இருட்டு. வானொளி படும் கடல் அதைவிட வெளிச்சம். ஒரு விடுதி விளக்கு போதும், குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட.

விளக்கை அணைத்துவிட்டுத் தங்கினால் என்ன என்று கேட்கலாம். குழி தோண்டத் தொடங்குமுன் மணலில் ஆள் நடமாட்டம் தெரிந்தாலே தாய் ஆமை கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். இத்தனை சிறிய தீவில் விடுதியின் கழிவுநீர் போய்ச் சேரும் இடமும் பவளப்பாறைதான். பகலில் வருகிறவர்களின் துடுப்புக்காலும் பவளத்தை உடைக்கும் என்பது நியாயமான வாதம். ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பதன் தேவையும் அதுவே. உள்ளூர்க்காரர் பிழைப்பு என்னாவது? பயணிகள் இப்போது மாபுல் தீவிலோ செம்போர்னா ஊரிலோ தங்கிப் படகில் வருகிறார்கள். படகோட்டிக்கும் வழிகாட்டிக்கும் வேலை இருக்கத்தான் செய்கிறது.

குடியிருப்பு இல்லாத தீவின் மீது உரிமை நிலைக்குமா என்ற கவலைக்கும் இங்கே பதில் உண்டு. இந்தோனேசியாவும் மலேசியாவும் சிபாடானுக்கு வழக்காடியபோது, அதை நிர்வகித்தது யார் என்றே சர்வதேச நீதிமன்றம் பார்த்தது. ஆமை முட்டை சேகரிப்பை முறைப்படுத்தி வட போர்னியோ (இன்றைய சபா) நிர்வாகம் 1917-ல் போட்ட சட்டம் முக்கியச் சான்றுகளில் ஒன்றானது. 2002-ல் தீவு மலேசியாவுக்கு என்று தீர்ப்பாயிற்று.