செய்தி நின்றாலும் சுடுநீர் நிற்கலாகாது



குழாயைத் திறந்தவுடன் சுடுநீர் வருகின்றது. அது எவ்வாறு சூடாகின்றது, அதைச் சூடாக்கும் கருவிக்கு இடையூறு நேர்ந்தால் என்னாகும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மருத்துவமனை, மாணவர் விடுதி போன்ற பெரிய கட்டடங்களுக்கு ஒரு கருவி போதாது. பல கருவிகள் இணைந்து உழைக்கின்றன. அவற்றினிடையே செய்தித் தொடர்பு அறுந்து போனாலும் சுடுநீர் தடையின்றி வருவதற்கு வழி என்ன என்பதை இங்கு ஆராய்வோம். நாளை குழாய்ப் பணியாளராகவும் மின் பணியாளராகவும் பொறியியலாளராகவும் விளங்கப் போகும் மாணவர்க்கு இது பயன்படும்.

முதலில் ஒரு கணக்கு. 1 லிட்டர் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நம் வீட்டுக் குளியலறையில் காணும் 3.6 கிலோவாட் மின்கருவி, 27 பாகையில் உள்ள நீரை 40 பாகைக்கு உயர்த்தும்போது, நிமிடத்திற்கு ஏறத்தாழ 4 லிட்டரே தர இயலும். ஒருவர் குளிக்க அது போதும். ஒரு மருத்துவமனையின் சமையற்கூடம், சலவைக்கூடம், குளியலறைகள் யாவும் சேர்ந்து நிமிடத்திற்கு 100 லிட்டர் கேட்கின்றன என்று கொள்வோம். 25 பாகை நீரை 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 245 கிலோவாட் ஆற்றல் வேண்டும். நீருக்கு 50 கிலோவாட் வெப்பம் அளிக்கும் எரிவாயுக் கருவிகள் ஐந்து இருந்தால் இதனைச் செய்யலாம். ஒன்று பழுதானாலும் குறை நேராதிருக்க ஆறாவதாக ஒன்றையும் பொருத்துவது அறிவுடைமை.

இந்த ஆறு கருவிகளும் எவ்வாறு ஒத்துழைக்கின்றன? ஒவ்வொன்றிலும் நீரோட்டத்தை அளக்கும் உணரியும், வெளிவரும் நீரின் வெப்பத்தை அளக்கும் உணரியும், நீரைத் திறந்து மூடும் வால்வும் உண்டு. கருவிகளை ஒரு மெல்லிய செய்திக்கம்பி இணைக்கின்றது. அவற்றுள் ஒன்று தலைமைக் கருவி. தேவை குறைந்த வேளையில் அது ஒரு கருவியை மட்டும் எரியச் செய்து, ஏனையவற்றின் வால்வுகளை மூடி வைக்கும். தேவை பெருகும்போது ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கச் சொல்லும். ஒரே கருவி தேய்ந்து போகாதபடி முறை மாற்றியும் வேலை கொடுக்கும். ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் வெட்டுக்காட்டைப் பிரித்துக் கொடுப்பதைப் பெற்றோர்கள் நன்கறிவார்கள். அதைப் போன்றதே இதுவும்.

மூடி வைப்பதற்குக் காரணம் உண்டு. இரவில் ஒரே ஒரு குழாய் திறந்து, நிமிடத்திற்கு 6 லிட்டர் நீர் ஓடுவதாகக் கொள்வோம். ஆறு வால்வுகளும் திறந்திருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் 1 லிட்டரே கிடைக்கும். ஏறத்தாழ 2 லிட்டருக்குக் குறைவாக நீர் ஓடினால் இத்தகைய கருவிகள் பல பற்றுவதில்லை. ஆதலால் ஆறு கருவிகள் இருந்தும் குழாயில் தண்ணீரே வரும்!

இனி, எலி கடித்தோ, ஈரம் பட்டோ, இடி மின்னலாலோ செய்திக்கம்பி கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எரிவாயு இருக்கின்றது, மின்சாரம் இருக்கின்றது, ஆறு கருவிகளும் நலமாக உள்ளன. ஆயினும் தலைமைக் கருவியின் கட்டளை வரவில்லை. மற்றவை வால்வை மூடிக்கொண்டு காத்திருந்தால், ஒரு கருவி மட்டும் தனியே போராடும். பழுதற்ற ஐந்து கருவிகள் வாளாவிருக்கும். நீரோ வெதுவெதுப்பாகவே வரும்.

வெதுவெதுப்பான நீரால் என்ன கேடு என்று சிலர் எண்ணலாம். 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஒரு மாநாட்டிற்கு வந்து விடுதியில் தங்கியவர்களிடையே கடுமையான நுரையீரல் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். அடுத்த ஆண்டு அதற்குக் காரணமான லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் கண்டறியப்பட்டது. அது 20 முதல் 45 பாகை வரையுள்ள நீரில் பெருகக்கூடியது. சுடுநீர் அமைப்புகளிலும் குடிபுகும். நுண்துளிகளோடு மூச்சில் கலந்து நோயைத் தரும். இதனால்தான் பெரிய கட்டடங்களில் சுடுநீரை 60 பாகையில் சேமிக்க வேண்டுமென்று அறிவுறுத்துகின்றனர். நோயாளிகளும் முதியோரும் உள்ள இடத்தில் நீரின் சூடு உயிர் காக்கும் பொருளாகும்.

ஆகவே நல்ல அமைப்பில் நான்கு ஏற்பாடுகள் இருத்தல் வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு கருவியும் தனக்குரிய வெப்ப அளவைத் தன் நினைவிலேயே வைத்திருக்க வேண்டும். குறித்த நேரம் வரை செய்தி வராவிடில், கட்டளைக்குக் காத்திராமல் தன் உணரிகளைக் கொண்டே இயங்க வேண்டும்.

இரண்டாவது, தனித்து இயங்கும்போது எந்த வால்வு திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதை முன்னரே வகுத்திருக்க வேண்டும். எல்லாம் திறந்தால் இரவில் எதுவும் பற்றாது. எல்லாம் மூடினால் பகலில் நீர் போதாது. முதற்கருவிகள் இரண்டு எப்போதும் திறந்திருக்க, மற்றவை தம்மிடம் வரும் நீரின் வெப்பமோ அழுத்தமோ குறைவதைக் கண்டு தாமே திறக்குமாறு செய்யலாம். சேமிப்புத் தொட்டி ஒன்றும் இருந்தால் குறைந்த நீரோட்டத்தால் வரும் தொல்லை பெரிதும் நீங்கும்.

மூன்றாவது, பழுதினை உடனே அறிவிக்க மணியோ விளக்கோ வேண்டும். சுடுநீர் வந்துகொண்டே இருந்தால் கம்பி அறுந்ததை எவரும் அறியார். அடுத்த பழுது வரும்போதுதான் விழிப்பார்கள்.

நான்காவது, தொடர்பு மீண்டவுடன் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் கட்டுக்குள் திரும்பக் கூடாது. தொடர்பு உறுதியானதைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர வேண்டும். இன்றேல் நீர் ஒரு கணம் கொதித்தும் ஒரு கணம் குளிர்ந்தும் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. செய்தி அறுதல் வேறு. ஆபத்து நேர்தல் வேறு. செய்தி அறுந்தால் கருவி தொடர்ந்து இயங்கலாம். நீர் அளவுக்கு மீறிச் சூடானாலும், தீ அணைந்து எரிவாயு கசிந்தாலும் அது உடனே நின்றே ஆகவேண்டும். அந்தப் பாதுகாப்பு எந்தச் செய்திக்கும் காத்திருக்கலாகாது. 60 பாகை நீர் ஐந்தாறு நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். குழந்தைகளின் மெல்லிய தோலுக்கு அதைவிடக் குறைந்த நேரமே போதும். ஆதலால் குளியலறைக் குழாய்க்கு முன் சுடுநீரையும் தண்ணீரையும் கலந்து விடும் வால்வு பொருத்தப்படும். அதனுள்ளிருக்கும் மெழுகு சூட்டால் விரிந்து, குளிர்ச்சியால் சுருங்கி, கலவையைச் சரிசெய்கின்றது. அதற்கு மின்சாரமும் வேண்டா, செய்தியும் வேண்டா. நம் வீட்டுச் சுடுநீர்க் கருவியின் மின்கசிவுத் துண்டிப்பானும் எந்தச் செய்திக்கும் காத்திராதது. அது அடிக்கடி விழுகின்றதென்று எவரும் அதனை நீக்கிவிடலாகாது. தேர்ச்சி பெற்ற மின் பணியாளரை அழைத்துக் காட்டுவதே முறை.

இவ்வளவும் ஏட்டில் இருந்தால் போதாது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் தொழில்நுட்பர் முன்னிலையில் செய்திக்கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பகல் தேவையிலும் இரவுத் தேவையிலும் நீரின் வெப்பத்தை அளந்து குறித்து வைக்க வேண்டும். சோதித்தறியாத ஏற்பாடு ஏற்பாடாகாது.

மாணவர்களே! தலைமை வேண்டும், ஒற்றுமையும் வேண்டும். அவற்றால் வீண் செலவு குறையும், வேலையும் செம்மையுறும். ஆயினும் மண்டோர் வரத் தாமதமானால் தன் நிரை எது என்றறிந்த தொழிலாளி கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிற்பதில்லை. வகுப்பில் ஆசிரியர் இல்லாத வேளையிலும் தம் பாடத்தைத் தாமே படிக்கும் மாணவர் அத்தகையவரே. கூட்டத்தோடு சேர்ந்து உழைக்கவும், கட்டளை வராதபோது தன் கடமையைத் தானே செய்யவும், ஆபத்தென்று கண்டால் உடனே நிறுத்தவும் கற்றுக்கொள்ளுங்கள். இம்மூன்றும் அறிந்தவர் கையில் எந்தப் பொறியும் நன்கு இயங்கும்.