நல்ல பையன் என்று பெயர் வாங்கும் பயம்

"பொண்ணுங்கள நிமிர்ந்துகூட பாக்க மாட்டான், தங்கமான புள்ள." விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மாப்பிள்ளை தேடும் வீடுகளில் இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. பெரும்பாலும் அது வெறும் கூச்சம்தான். ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி, பஸ்ஸில்கூடப் பெண்களுக்குத் தனி இருக்கை என்று பிரித்தே வளர்க்கும் ஊரில் கூச்சம் வராவிட்டால்தான் அதிசயம்.

சிலருக்கு மட்டும் அது நோய். பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாலே நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், உள்ளங்கை வியர்க்கும். அவளால் எந்த ஆபத்தும் இல்லையென்று அவனுக்கே தெரியும், உடம்பு கேட்காது. மருத்துவர்கள் இதைக் கைனோஃபோபியா என்கிறார்கள். பொதுவாக 6 மாதமாவது நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய்க் கணக்கில் சேர்ப்பார்கள். பெண் வெறுப்போடு இதைக் குழப்பக்கூடாது. வெறுப்பவன் பெண்ணை மட்டம்தட்ட வருவான், பயப்படுகிறவன் அவள் வரும் வழிக்கே போகமாட்டான்.

சிறுவயதில் பட்ட அடியோ அவமானமோ பயத்துக்கு விதையாகலாம். அதை வளர்ப்பது விலகல். வங்கி கவுன்ட்டரில் பெண் இருந்தால் திரும்பிவிடுகிறான். படபடப்பு உடனே அடங்குகிறது. விலகியதால்தான் பிழைத்தோம் என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்தமுறை பயம் இன்னும் சீக்கிரம் வரும். நாயைக் கண்டு ஓடுகிறவனை ஊர் கேலிசெய்தே காட்டிக்கொடுத்துவிடும். இவனையோ பாராட்டுகிறது.

இந்தப் பாடத்தை அழிக்கும் வழி, கொஞ்சங் கொஞ்சமாக நெருங்குவது. முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலை மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்தார் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். 1924இல் வெளியான ஆய்வு அது. பின்னாளில் பெயர்பெற்ற உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் 19 வயதில் இன்னும் முரட்டுத்தனமாக இறங்கினார். பெண்களிடம் பேசவே நடுங்கியவர், நியூயார்க் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவில் ஒரு மாதத்தில் 130 பெண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாராம். 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். 100 பேரிடம் பேசினார். ஒருத்தி மட்டும் மறுபடி சந்திக்கச் சம்மதித்தாள், அவளும் வரவில்லை. பயம் போய்விட்டது. (நம்மூர்ப் பூங்காவில் யாரும் முயலவேண்டாம், அந்த 30 பேரின் சங்கடமும் கணக்கில் உண்டு.)

இன்றைய சிகிச்சை அவ்வளவு முரடல்ல. புகைப்படத்தில் தொடங்கி, மருந்துக்கடைப் பெண்ணிடம் விலை கேட்பது வரை மருத்துவர் படிப்படியாக ஏற்றுவார். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

வீடுகள் முதலில் தேடுவது வேறு. மோகினி பிடித்ததென்று மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசையன்று கூட்டிப்போவார்கள். அதன்பின் "கால்கட்டு போட்டா சரியாயிடும்". கடைசிப் படியில் ஏற்றவேண்டியவனை முதல்நாளே அங்கே தூக்கி நிறுத்தும் வைத்தியம் இது. தாலி கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடமோ, மாப்பிள்ளை தங்கமான பிள்ளை என்று மட்டும் சொல்லியிருப்பார்கள்.