நிறுத்தத் தெரிந்த பால்

பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிக் கால் கிலோ பால்கோவா வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கும் வாங்கினோம். கிருஷ்ணன்கோவில் தாண்டி, வத்திராயிருப்பு வயல்களைக் கடந்து, அணைப் பூங்காவில் ஜமுக்காளம் விரித்தபோது பொட்டலம் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. பக்கத்தில் சாத்தூர்க் காரச்சேவு. ஸ்பூன் கொண்டுவர மறந்துவிட்டோம். அக்கா மகன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. தடித்த காரச்சேவு ஒன்றை எடுத்து, அதையே கரண்டியாக்கிப் பால்கோவாவை அள்ளி வாயில் போட்டான். "மாமா, இப்படிச் சாப்பிட்டுப் பாருங்க" என்றான். பார்த்தேன். உப்பும் மிளகாய்க் காரமும் முன்னால் வந்து, பாலின் இனிப்பு பின்னால் மெதுவாக வந்தது. இத்தனை வருஷமும் தனித்தனியாகச் சாப்பிட்டு வீணாக்கிவிட்டோமே என்று தோன்றியது.

இதைவிட விசித்திரமான ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் ருசித்திருந்தேன். எண்பதுகளில் நார்வேயின் வடகோடிக்கு மீன் பதனிடும் ஆலைகளில் வேலை பார்க்கப் போன ஈழத்தமிழர்கள் பலர். அப்படிப் போன குடும்பத்து நண்பர் ஒருவர், பெட்டிக்குள்ளிருந்து செங்கல் போல ஒரு கட்டியை எடுத்துவைத்தார். நிறமும் ஏறத்தாழச் செங்கல்தான். அந்த ஊரில் 'புரூனோஸ்ட்' என்பார்களாம், பழுப்புப் பாலாடைக்கட்டி. மெல்லிய தகடாகச் சீவி ரொட்டியில் வைத்துத் தந்தார். இனிப்பு, லேசான புளிப்பு, பின்னால் ஒரு உப்பு. "உங்கட ஊர்ப் பால்கோவாவை அடுப்பில மறந்துபோய் விட்டிட்டா இதுதான் வரும்" என்று சிரித்தார்.

வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் முக்கால்வாசி உண்மை இருக்கிறது. பால்கோவாவை நாம் சர்க்கரைப் பண்டம் என்று நினைக்கிறோம். பாலிலிருந்து தண்ணீரை விரட்டி, சரியான இடத்தில் கையை எடுக்கிற வேலை என்று சொல்வதுதான் பொருந்தும். உலகில் பல ஊர்களில் இதே வேலையைச் செய்கிறார்கள். எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் ஊருக்கு ஊர் பண்டம் மாறுகிறது.

முதலில் கணக்கு. பசும்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். ஒரு லிட்டரை முழுக்க வற்றவைத்தால் மிஞ்சுவது சுமார் 130 கிராம்: கொழுப்பு, புரதம், பாலுக்கே உரிய லாக்டோஸ் என்ற சர்க்கரை, கொஞ்சம் உப்புச்சத்து. பத்து லிட்டருக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேர்த்தால் மூன்று கிலோவுக்குச் சற்றுமேல் பால்கோவா கிடைக்கும். ஆக, அடுப்படியில் நிற்கிறவர் பாதி நேரம் செய்வது ஆவியை வழியனுப்புவதுதான். அதனால்தான் வாய் அகன்ற இரும்புச் சட்டி. மேற்பரப்பு அகலமாக இருந்தால் ஆவி சீக்கிரம் போகும். குறுகலான பானையில் வைத்தால் நேரமும் ஆகும், பாலும் பொங்கும்.

பால் ஏன் பொங்குகிறது, வெந்நீர் ஏன் பொங்குவதில்லை? சூடான பாலின் மேல் புரதமும் கொழுப்பும் சேர்ந்து ஆடை கட்டுகின்றன. கீழிருந்து வரும் நீராவிக் குமிழிகள் அந்த ஆடைக்குள் மாட்டிக்கொண்டு மொத்தமாக மேலே தூக்குகின்றன. துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தால் ஆடை படியாது. கிண்டுவதில் இன்னொரு வேலையும் நடக்கிறது, அடிப்பிடிக்காமல் காப்பது. பால் கொதிக்கும்போது எழுகிற அந்த வாசம் இருக்கிறதே, அதற்குக் காரணம் பாலிலுள்ள ஒருவகைப் புரதம். சுமார் 70 டிகிரிக்குமேல் அது சுருள் அவிழ்ந்து, தன்னிடமுள்ள கந்தகச் சேர்மங்களைக் கொஞ்சம் வெளியே விடுகிறது. கந்தகம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், பால்கோவாக் கடை இருக்கிற தெருவுக்கே அதுதான் அடையாளம்.

கொஞ்ச நேரம் கழித்து நுரை அடங்கும், பால் கூழாகும், குமிழிகள் சின்னதாகாமல் பெரிதாகிப் 'பொத்' 'பொத்' என்று வெடிக்கும். முன்கையில் தெறித்தால் தெரியும், கொதிநீரைவிட மோசம், ஒட்டிக்கொண்டு சுடும். இனிமேல்தான் கவனம் வேண்டும். தண்ணீர் நிறைய இருக்கும்வரை பால் நூறு டிகிரியைச் சுற்றியே நிற்கும். தண்ணீர் குறையக் குறையச் சூடு மேலே ஏறும். சூடு ஏறியதும், அதுவரை சோம்பலாக நடந்த ஒரு வேதிவினை ஓட ஆரம்பிக்கும்.

அதை 1912-இல் விவரித்தவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். புரதமும் சிலவகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேரும்போது பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான புது மணங்களும் உண்டாகின்றன. தோசை முறுகுவதும் காபிக்கொட்டை வறுபடுவதும் இந்த வினையால்தான். இதில் ஒரு சுவாரசியம்: நாம் கொட்டுகிற வெள்ளைச் சர்க்கரை இந்த ஆட்டத்தில் நேரடியாகச் சேர்வதில்லை. நிறமும் மணமும் தருவது பாலின் சொந்தச் சர்க்கரையான லாக்டோஸ். வெள்ளைச் சர்க்கரையின் வேலை இனிப்பதும், மிச்சமிருக்கிற தண்ணீரைக் கிருமிகளுக்குக் கிடைக்காமல் பிடித்துவைப்பதும். பால் ஒருநாள் தாங்காத ஊரில் பால்கோவா ஒரு வாரம் தாங்குவதற்கு இதுதான் காரணம்.

நாக்கில் தட்டுப்படுகிற அந்த மெல்லிய மணல்தன்மையும் லாக்டோஸ் செய்வதுதான். நூறு கிராம் தண்ணீரில் வெள்ளைச் சர்க்கரை சுமார் 200 கிராம் கரையும். லாக்டோஸ் இருபது கிராம் கரைவதே பெரிய பாடு. ஆறும்போது இடமில்லாமல் பொடிப்பொடிப் படிகங்களாக வெளியே வந்துவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்த நறநறப்பு இல்லாவிட்டால் ஏதோ டப்பாவிலிருந்து வழித்ததுபோல இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கையை எடுக்கிற இடம், பால் சந்தன நிறத்துக்கு வந்து, சட்டியை விட்டுத் திரண்டு வரும் பதம். எருமைப்பாலில் இந்த நிறம் வராது. பசும்பாலிலுள்ள கரோட்டின்தான் அடிப்படை மஞ்சளைத் தருகிறது. மயார் வினை அதன்மேல் ஒரு பூச்சு பூசுகிறது, அவ்வளவுதான். புளிய விறகு, முந்திரிக்கொட்டை ஓடு என்று அடுப்புக்கு நின்று எரிகிற பொருள்களைத் தேடினார்கள். இப்போது பல இடங்களில் கேஸும் நீராவியும் வந்துவிட்டன. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தென்மாவட்டங்களில் மிட்டாய்க் கடைக்கு 'லாலா கடை' என்றே பெயர். வடக்கேயிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கொண்டுவந்த பெயர் அது, கோவா என்ற சொல்லும் அந்தப் பக்கத்துச் சொல்தான். ஆனால் பாலை வற்றவைக்க இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. ஆண்டாள் அழகருக்கு நேர்ந்துகொண்டதே வெண்ணெயும், பாலில் குழைய வெந்த அக்காரவடிசிலும்தானே. கல்யாண வீட்டுத் திரட்டுப்பாலும் இதே குடும்பம். அதில் வெல்லம் சேர்ந்தால் வெல்லத்தின் லேசான புளிப்பில் பால் திரிந்து குருணையாகும், அதுவே அதன் அழகு.

பால் வருவதற்கும் பிளவக்கல்லுக்கும் தொடர்பில்லாமல் இல்லை. மலையடிவாரத்தில் இங்கே இரண்டு அணைகள், பெரியாறு, கோவிலாறு. (கேரளத்துப் பெரியாறு வேறு. பெயரைக் கேட்டதும் சண்டைக்குத் தயாராகிவிட வேண்டாம்.) இந்தத் தண்ணீரில் வத்திராயிருப்பு வட்டாரத்தில் நெல் விளைகிறது. நெல் இருந்தால் வைக்கோல், வைக்கோல் இருந்தால் மாடு.

இனி, நிறுத்தாமல் போனவர்கள். அர்ஜென்டினாவில் 'துல்சே தெ லெச்சே' என்று ஒரு பண்டம். நம் பால்கோவா நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, பழுப்பாகிற வரைக்கும் போகிறார்கள். 1829-இல் இரண்டு தளபதிகளின் சமாதானப் பேச்சின்போது ஒரு பணிப்பெண் சர்க்கரைப் பாலை அடுப்பில் மறந்துவிட்டாள், அதிலிருந்து பிறந்தது என்று கதை சொல்வார்கள். மறந்துபோய்க் கண்டுபிடித்த கதை எல்லா ஊர்ப் பலகாரத்துக்கும் ஒன்று இருக்கும், ஆகவே நான் பெரிதாக நம்பவில்லை. ஆனால் அவர்களுடைய ஒரு தந்திரம் நிஜம்: பாலில் சிட்டிகை சமையல் சோடா போடுவார்கள். புளிப்பு குறைந்தால் மயார் வினை வேகமாகும், நிறம் சீக்கிரம் ஏறும். மெக்சிகோவில் செலாயா ஊரில் ஆட்டுப்பாலிலேயே இதைச் செய்கிறார்கள். அமெரிக்கரான கெயில் போர்டன் நேர் எதிர்த்திசையில் போனார். 1856-இல் அவர் காப்புரிமை வாங்கிய முறையில் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்துக் குறைந்த சூட்டிலேயே தண்ணீரை விரட்டினார். பால் பழுப்பாகாமலே கெட்டியானது. அந்த வழியில் வந்த டப்பாப் பால்தான் பின்னாளில் மலேசியாவில் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் ஆற்றிய 'தே தாரிக்' என்ற தேநீருக்குள் போனது.

நார்வேக்காரர்கள் எல்லாரையும் தாண்டிப் போகிறார்கள். அவர்கள் வற்றவைப்பது பாலை அல்ல, பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சுகிற தெளிநீரை. 1863-வாக்கில் ஆன்னெ ஹோவ் என்ற பண்ணைப் பெண் அதில் பாலேடு சேர்த்துப் பார்த்தார். நல்ல விலை போனது, அவர் ஊர்ப் பக்கத்துக்கே வருமானம் ஆனது. 1933-இல், 87 வயதில், அவருக்கு அரசரின் பதக்கம் கிடைத்தது. அந்தக் கட்டியில் எவ்வளவு கொழுப்பும் சர்க்கரையும் செறிந்திருக்கின்றன என்பதற்கு 2013 ஜனவரியில் சாட்சி கிடைத்தது. 27 டன் புரூனோஸ்ட் ஏற்றிய லாரி வடக்கு நார்வேயில் ஒரு சுரங்கப்பாதைக்குள் தீப்பிடித்துக்கொண்டது. நெருப்பு நாள்கணக்கில் எரிந்தது, அணைக்க முடியவில்லை.

அணையிலிருந்து திரும்பிய வாரம் வீட்டில் இரண்டு லிட்டர் பாலை அடுப்பில் ஏற்றினேன். முக்கால் மணிநேரம் ஒழுங்காகக் கிண்டினேன். சந்தன நிறம் வந்தது. சரியாக அப்போது வாசலில் சிலிண்டர்க்காரர் கூப்பிட்டார். திரும்பி வருவதற்குள் சட்டியில் செங்கல் நிறம். அம்மா கரண்டி நுனியில் தொட்டு ருசித்து, "அடிப்பிடிச்சுப் போச்சுடா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டியில் உப்பு வெண்ணெய் தடவி, அதன்மேல் இதைப் பூசி நீட்டினேன். அம்மா ஒரு கடி கடித்து, சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.