மாமாவின் புல்லட்டும் முழங்கால் வலியும்

"இந்த வயசிலே இந்த இரும்பு யானை எதுக்கு? வித்துத் தொலைச்சா என்ன?" ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் அத்தையின் சுப்ரபாதம் இதுதான். எழுபது வயது மாமா, 1979-ல் வாங்கிய புல்லட்டோடு வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கிக்கர் திருப்பி அடித்ததில் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. ஒத்தடம் கொடுத்தபோது மாமா மெல்லச் சொன்னார்: "வண்டியை வித்துட்டா, கிழவன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா." எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை விற்பதைவிட, காலைக் காப்பாற்ற வழி தேடுவோம் என்று தோன்றியது.

சென்னையில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் வண்டி அது. ஒரே சிலிண்டர், 346 சி.சி. இன்றைய வண்டிகள் போல பட்டனைத் தட்டினால் கிளம்பாது. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி நிற்கும்போது முரட்டுத்தனமாக மிதித்தால் காலுக்குத்தான் ஆபத்து. குக்கரில் ஆவியை விட்டுவிட்டுத்தானே மூடியைத் திறக்கிறோம்? அதேபோல இதற்கும் இடது கைப்பக்கம் 'டீகம்ப்ரஸர்' என்ற சின்ன லீவர் உண்டு.

மெக்கானிக் மாமாவுக்கு மறுபடி நினைவுபடுத்திய முறை இது: வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக, இறுகும்வரை அழுத்த வேண்டும். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். அப்போது லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தி, லீவரை விட்டுவிட வேண்டும். கிக்கர் முழுவதும் மேலே வந்ததும், உடல் எடையை இறக்கி, கடைசிவரை ஒரே மிதி. பாதி மிதி கூடாது. அதுதான் திருப்பி அடிக்கும். இக்னிஷன் டைமிங் பிசகினாலும் அடிக்கும். எங்கள் வண்டியில் அந்தக் கோளாறும் இருந்தது, சரிசெய்தாயிற்று.

டாக்டர் சொன்னதையும் குறித்துக்கொள்ளுங்கள்:

* செருப்போடு மிதிக்கவே கூடாது. கணுக்காலை மூடும் ஷூ வேண்டும்.
* முழங்காலை விறைப்பாக நீட்டாமல், லேசாக மடக்கியே மிதிக்க வேண்டும்.
* மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. மூன்று முறையில் கிளம்பாவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும்.
* நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் தினம் பத்து முறை. தொடைத் தசை பலப்பட்டால் முழங்காலுக்குப் பாரம் குறையும்.
* நெஞ்சு வலி, மூட்டு மாற்று அறுவை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிக்கரைத் தொடவே கூடாது.

இளம் தாய்மார்களே, வண்டி கிளம்பும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சூடான சைலன்ஸரும் கிக்கரும் விளையாட்டுச் சாமான் அல்ல.

இப்போது ஞாயிறு காலையில் இரண்டாவது மிதியிலேயே 'டப் டப்' சத்தம் கேட்கிறது. போன வாரம் அத்தை பூக்கூடையோடு வாசலில் நின்றார். "கோயிலுக்கு ஆட்டோ கூப்பிடட்டுமா அத்தை?" என்றேன்.

"எதுக்குடி தண்டச் செலவு? அதான் இவர் கிளம்பிட்டாரே!" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.