திரை இதழ் முகப்பட்டையும் கம்பம் பள்ளத்தாக்கும்

1966இல் தொடங்கிய ‘பொம்மை’ போன்ற திரை இதழ்களின் முகப்பட்டை பெரிதும் நடிகரின் அண்மை முகத்தை நம்பியது. இதற்குக் கலைநோக்கு மட்டும் காரணமன்று. கடைவாசலில் ஒன்றையொன்று மறைத்துத் தொங்கும் இதழ்களில் மேற்பகுதியே கண்ணில் படும். ஆகவே இதழ்ப்பெயரும் முகமும் அங்கேயே அமைய வேண்டியிருந்தது.

தேனி அல்லிநகரத்தவரான பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) முதலாகக் கிராமத்து நிலம் திரையில் கதைமாந்தருக்கு நிகரான இடம்பெற்றது. (அப்படம் மைசூர்ப் பகுதியில் எடுக்கப்பட்டது என்பது வேறு செய்தி.) ஆனால் நிலத்தை அட்டைக்குள் கொணர்வது எளிதன்று. அவரது ஊரையடுத்த கம்பம் பள்ளத்தாக்கையே சான்றாகக் கொள்ளலாம். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை, இடையே முல்லைப் பெரியாற்றுப் பாசன வயல்கள் என அது பக்கவாட்டில் விரிவது. 2.35:1 அளவுள்ள அகன்ற திரை இவ்விரிவை ஏற்கும். அதே காட்சியை 3:4 அளவுள்ள நெட்டுவாக்கு அட்டைக்கு வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கும் எஞ்சாது. இன்ன ஊர் எனக் காட்டும் மலைக்கோடே முதலில் போகும். எஞ்சிய முகட்டின்மீதும் இதழ்ப்பெயர் அமர்ந்துவிடும். உருவத்தைச் சிறிதாக்கினால் நிலம் தெரியும். முகமோ கீழிறங்கி, முன்தொங்கும் இதழுக்குப் பின் மறையும். விற்பனையை எண்ணும் வடிவமைப்பாளர் முகத்தையே தேர்வார். பள்ளத்தாக்கு அதன்பின் மங்கிய பச்சையாக நிற்கும். இரு பக்கமாக விரியும் நடுப்பக்கம் நிலத்துக்கு ஏற்றதே. ஆயினும் கடைவாசலில் அது தெரிவதில்லை.